ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன் சார். மகளைப் பார்க்க மியூனிக் போகிறீர்கள். குளிரைப் பற்றி ஊரே உங்களை எச்சரித்திருக்கும். நான் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன்.

நம் முடிச்சூரில் ஞாயிறு என்றால் வியாபாரம். காலையில் கறிக்கடை வரிசை. சாயங்காலம் தாம்பரம் சண்முகம் ரோட்டில் கால் வைக்க இடமிருக்காது. மியூனிக்கில் அன்றைக்கு சூப்பர் மார்க்கெட், துணிக்கடை, நம்மவர் நடத்தும் மளிகைக்கடை எல்லாமே மூடியிருக்கும். சனிக்கிழமை இரவு 8 மணிக்குச் சாத்தினால் திங்கட்கிழமை காலைதான் திறப்பார்கள். பாலும் காய்கறியும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். தண்ணீர் பாட்டில் வாங்கினால் 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் அந்தக் காசு திரும்ப வரும். அதற்கும் சனிக்கிழமையே போய்விடுங்கள்.

மறந்துபோனால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஓட்டல்கள் உண்டு. ரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் பங்க்கும் திறந்திருக்கும். பேக்கரிகள் சில மணி நேரம் விற்கும்.

கடைக்காரர்களாகப் பேசி வைத்துக்கொண்ட வழக்கமில்லை இது; அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஞாயிறு ஓய்வுக்கான நாள் என்று 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சட்டம் சொன்னது. 1949இல் புதுச் சட்டம் எழுதியபோது அந்தப் பிரிவை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கலாம் என்று பெர்லின் மாநிலம் சட்டம் போட்டது. 2009 டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் அது செல்லாது என்றது. வழக்குப் போட்டவை தேவாலயங்கள். தொழிற்சங்கங்களும் அதே பக்கம்தான். சாமிக்காக ஒருவர், சம்பளக்காரருக்காக ஒருவர்.

வீட்டுக்குள்ளும் அன்று சத்தம் கூடாது. சுவரில் டிரில் போடுவது, புல்வெட்டும் இயந்திரம் ஓட்டுவது, கண்ணாடி பாட்டிலைத் தெருத்தொட்டியில் போடுவது எதுவும் ஆகாது. பழைய கட்டடமென்றால் கிரைண்டர் சத்தம் கீழ்வீடு வரை போகும். மாவை சனிக்கிழமையே அரைத்துவிடுவது உத்தமம்.

அப்புறம் அன்றைக்கு என்னதான் செய்வார்கள்? நடப்பார்கள். இங்கிலிஷ் கார்டன் என்ற பெரிய பூங்காவில் தாத்தா பாட்டி முதல் தள்ளுவண்டிக் குழந்தை வரை குடும்பம் குடும்பமாகப் பார்க்கலாம். மத்தியானம் கேக்கும் காபியுமாக உட்கார்ந்து பேசுவார்கள். பழைய ஓவியங்கள் உள்ள ஆல்டே பினகோதெக் அருங்காட்சியகத்தில் ஞாயிறு நுழைவுக் கட்டணம் 1 யூரோதான். விடாதீர்கள்.

நம் ஊரில் மட்டும் விடுமுறைச் சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. 1947ஆம் வருட தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி ஊழியருக்கு வாரம் ஒருநாள் முழு விடுப்பு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் வருடம் முழுவதும் திறக்கலாம் என்று 2019இல் அரசாணை வந்தபோதும், முறைவைத்து வார விடுப்பு தரவேண்டும் என்றே நிபந்தனை. நாம் ஆளுக்கு லீவு தருகிறோம். அவர்கள் ஊருக்கே லீவு விடுகிறார்கள்.

அங்கேயும் முணுமுணுப்பவர்கள் உண்டு. வாரமெல்லாம் வேலைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் முட்டிமோதித்தான் வாங்கவேண்டும். ஆனால் ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று புடவை விரித்துப் போடுகிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. அன்றைக்குப் புருஷன் வேலைக்குப் போயிருப்பான், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். அவர்கள் வீட்டிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமை இவள் கடையில் நிற்பாள். கணக்கில் பார்த்தால் அவளுக்கும் வாரம் ஒருநாள் ஓய்வு கிடைத்துவிடுகிறது. குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட ஒருநாள் கிடைக்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் சட்டம் போட்டுக் காப்பாற்றுவது அதைத்தான்.