நூல் நிலையமும் கலைக் காட்சியும்

நூல் நிலையம் என்றவுடன் நம்மவர் மனத்தில் தோன்றுவன அலமாரிகளும், செய்தித்தாள் மேசையும், பேசற்க என்னும் பலகையுமேயாம். சிற்பத்துக்கும் ஓவியத்துக்கும் ஆங்கு இடமேது என வினவுவர் பலர். அவ்விடம் சட்டத்திலேயே உண்டு. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், நூல்நிலையங்களில் வைத்தற்குரியவற்றுள் நூல், பருவ இதழ், தேசப்படம் என்பவற்றோடு கலைப் பொருள்களையும் சேர்த்தே எண்ணுகின்றது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்ற சீர்காழி அரங்கநாதனார் பல்லாண்டு உழைத்ததன் பயன் அச்சட்டம். சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகின்ற கற்றச்சனுக்கு அச்சாலையில் உரிமையில்லை என யார் கூறவல்லார்?

செங்கற்பட்டு மாவட்டத்துக்கு இஃது இன்னும் பொருந்தும். மாமல்லபுரத்தில் 1957ஆம் ஆண்டு அரசினர் சிற்பப் பயிற்சி நிலையம் நிறுவினர். அவ்வூர்க் கற்சிற்பங்கள் 2017இல் புவிசார் குறியீடும் பெற்றன. எனினும் சாலையோரப் பட்டறையில் விலை கேட்பார் பலர். வேலையைப் பற்றிக் கேட்பார் அரியர். செய்பொருள் சரக்காகவே கண்ணிற் படுகின்றது. அதனைக் கலையென நின்று நோக்க, வாங்கும் கடப்பாடு இல்லாததோர் இடம் வேண்டும். கட்டணமின்றி எவரும் புகத்தக்க நூல் நிலையமே அவ்விடம்.

காட்சியில் முடிந்த சிலையை மட்டும் வைத்தல் போதாது. கோடு வரைந்த கல், பாதி செதுக்கிய கல், முடிந்த கல் என மூன்றையும் உளிகளோடு வரிசையாக வைத்து, அருகே மயமதம் முதலிய சிற்ப நூல்களைத் திறந்து வைத்தல் வேண்டும். தருமராச இரதத்தின் கீழ்ப்பகுதி முற்றுப்பெறாது நிற்பதனாலன்றோ, மேலிருந்து கீழாகச் செதுக்கிய முறையை நாம் அறிகின்றோம்! நூலும் கல்லும் ஒருங்கே கிடக்கும் காட்சியைக் கடையும் தாராது. அருங்காட்சியகத்திலும் அஃது அரிது.

மதுரையில் 2023இல் திறந்த பெருநூலகத்திற் கலைக்கூடமே அமைத்துள்ளனர். சிற்றூர்க் கிளை நூலகத்துக்கோ ஒரு சுவரும் ஒரு வாரமும் போதும். கோலமிடும் மகளிர், ஓலை முடைவோர், கட்டுமரம் பிணைப்போர் யாவரும் வரலாம். கருங்கல்லைத் தரைத்தளத்திலேயே வைக்க. வண்ணப் படங்களை வெயில் படும் சன்னலுக்கு எதிரே மாட்டற்க. விலைச்சீட்டு ஆகாது. செய்தவர் பெயரும் ஊரும் மட்டும் தெளிவுற எழுதுக. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில், கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன் என்றாற்போலும் சிற்பியர் பெயர்களைப் பழைய எழுத்தில் தாங்கிய பாறையொன்று இன்றும் உளது.