பறையோடு சேர்ந்த கித்தார்

திரைப்படத்துக்காக அல்லாமல், பெரிய இசை நிறுவனங்களின் முதலீட்டையும் எதிர்பாராமல், தாமே எழுதி, தாமே மெட்டமைத்து மேடையேறும் குழுக்களின் இசை ‘இண்டி’ எனப்படுகிறது. ‘சுயாதீன இசை’ என்றும் தமிழில் இது வழங்குகிறது. பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்றாகிவிட்ட தமிழ்நாட்டில், சினிமாவுக்கு வெளியே நிற்பது என்ற ஒன்றே இச்சொல்லுக்குப் போதுமான பொருளாகக் கொள்ளப்படுகிறது. 2017இல் சென்னையில் உருவான ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் வரலாறு, அப்பொருள் எவ்வளவு குறுகியது என்பதைக் காட்டுகிறது. ஏனெனில் இக்குழு விடுபட விரும்பியது சினிமாவிலிருந்து மட்டுமன்று. இன்ன கருவி இன்ன இடத்தில்தான் ஒலிக்க வேண்டும் என்று சாதி வகுத்த கட்டிலிருந்தும்தான்.

இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் இணைந்து, கானாப் பாடகர்கள், ராப் பாடகர்கள், ராக் இசைக்கலைஞர்கள் என 19 பேரை ஒன்றுசேர்த்தன. சினிமா இயக்குநர் ஒருவரின் முயற்சியில் பிறந்த குழுவைச் சுயாதீனக் குழு என்பது தகுமா என்று கேட்பது நியாயமே. ஆயினும் எந்தக் கதாநாயகனுக்காகவும் எந்தக் காட்சிக்காகவும் எழுதப்படாத பாடல்களைத் தம் வாழ்க்கையிலிருந்தே எடுத்துப் பாடியவர்களுக்கு அப்பெயர் முற்றிலும் பொருந்தும்.

குழுவின் பெயர், பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) கையாண்ட ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்ற தொடரிலிருந்து வந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதிப் பெயரால் அல்லாமல் இப்பெயராலேயே தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். 1907இல் சென்னையில் அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைவுக்குப் பின், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வட எல்லைக்கு அப்பாலுள்ள கோலார் தங்கவயலிலிருந்து வெளிவந்தது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சுரங்க வேலைக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களே அங்கு அவ்விதழுக்கும், அது பரப்பிய பௌத்தத்துக்கும் ஊன்றுகோலாக நின்றனர். ஆகவே சென்னைக் குழுவின் பெயருக்குப் பின்னால் இந்த எல்லைப்புறத்து உழைப்பாளிகளின் பங்கும் இருக்கிறது.

இசையின் புதுமை கருவிச் சேர்க்கையில் இருந்தது. வடசென்னைக் குடியிருப்புகளில் இறந்தவரை நினைந்து சாவு வீட்டில் இரவெல்லாம் பாடப்படும் கானாவும், அதற்குத் தாளம் தரும் சட்டி, கட்டமோளம் ஆகியவையும், பறையும், மின்கித்தாரோடும் டிரம்ஸோடும் ஒரே மேடையில் ஏறின. பறை என்பது மரச்சட்டத்தில் தோலை இழுத்து ஒட்டி, நீளமான மெல்லிய சிண்டுக்குச்சியாலும் குட்டையான அடிக்குச்சியாலும் அடிக்கும் கருவி. ஈரத்தில் தோல் தொய்ந்தால் ஒலி மழுங்கிவிடுவதால், வைக்கோலைக் கொளுத்தி, அந்த அனலில் தோலைக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து முறுக்கேற்றுவார்கள். கித்தாரில் முறுக்காணியைத் திருகிச் செய்யும் வேலையை இங்கே நெருப்பு செய்கிறது. பறை ஒரு சுருதிக்குக் கட்டுப்பட்ட கருவி அன்று. அதனால் கித்தார் எந்தச் சுருதியில் ஒலித்தாலும் அதனோடு முரண்படாமல், தாளத்தால் அதை முன்னே தள்ளிச் செல்லப் பறையால் முடிகிறது. இவ்வளவு எளிதாக இணையக்கூடிய ஒரு கருவி, பொது மேடைக்கு வர இத்தனை காலம் காத்திருக்க நேர்ந்ததற்கு இசை காரணமன்று, தீண்டாமையே காரணம்.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் நடந்த முதல் நிகழ்ச்சிக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். இடஒதுக்கீடு, மாட்டிறைச்சி, வடசென்னையைக் குற்றவாளிகளின் ஊராகக் காட்டும் பழக்கம் ஆகிய பொருள்கள், கேட்போர் ஆடிக்கொண்டே கேட்கும் பாடல்களாயின. அதே ஆண்டில் ‘மகிழ்ச்சி’ என்ற இசைத்தொகுப்பு வெளிவந்தது. ஆண்களின் கலையாகவே அறியப்பட்டிருந்த கானாவில் துணிந்து நின்ற, குழுவின் பாடகி இசைவாணியை, 2020ஆம் ஆண்டின் நூறு பெண்கள் பட்டியலில் பிபிசி சேர்த்தது. குழுவின் ராப் பாடகரும் அரக்கோணத்துக்காரருமான அறிவு, 2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடலால் உலகெங்கும் கேட்கப்பட்டார். டென்மா ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’, ‘நட்சத்திரம் நகர்கிறது’ ஆகிய படங்களுக்கு இசையமைத்தார். சினிமா இவர்களைத் தேடி வந்தது என்பதே இதன் பொருள். தம் ஓசையை வெளியே வளர்த்துக்கொண்ட பிறகே இவர்கள் அதற்குள் நுழைந்தனர்.

சென்னையின் சபாக்கள் கர்நாடக இசைக்கென ஒதுக்கிக்கொண்ட மார்கழி மாதத்திலேயே, நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ விழாவைத் தொடங்கியது. பறையும் கானாவும் ஒப்பாரியும் ஒலித்த அவ்விழா, மறு ஆண்டில் மதுரைக்கும் கோவைக்கும் சென்றது.