ஒப்புதலுக்குக் காத்திருக்கும் பரிசோதனை முடிவுகள்: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

“இரத்தம் எடுத்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. இயந்திரம் சில நிமிடங்களில் முடிவைத் தந்துவிடும் என்கிறார்கள். ரிப்போர்ட் ஏன் இன்னும் வரவில்லை?” வார்டுகளில் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேள்வி நியாயமானது. இயந்திரம் காட்டும் எண்ணுக்கும் உங்கள் கைக்கு வரும் அறிக்கைக்கும் இடையே ஒரு மருத்துவரின் ஒப்புதல் இருக்கிறது. அந்த இடைவெளியில் நடப்பதையும், அவசர முடிவு ஒன்று அங்கே தேங்கிவிடாமல் காக்கும் முறையையும் இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

இயந்திரம் சொன்னால் போதாதா?

ஆய்வக நுட்புநர் மாதிரியை இயந்திரத்தில் வைத்ததும் முடிவு கணினிக்கு வருகிறது. அது உடனே வெளியிடப்படுவதில்லை. ஒப்புதலுக்குரிய பட்டியலில் நிற்கிறது. நுட்புநரும், தேவைப்படும் இடத்தில் நோயியல் மருத்துவர் அல்லது உயிர்வேதியியல் மருத்துவரும் அதனைச் சரிபார்த்த பின்னரே அறிக்கை ஆகிறது.

இந்தச் சரிபார்ப்புக்குக் காரணங்கள் உண்டு. இரத்தம் எடுக்கும்போதோ கொண்டு செல்லும்போதோ சிவப்பணுக்கள் உடைந்தால், அவற்றினுள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து, நோயாளிக்கு இல்லாத உயர்வைக் காட்டும். டெங்குக் காய்ச்சலில் அனைவரும் கவலையோடு பார்க்கும் தட்டணுக்கள், குழாயில் உள்ள உறைவுத்தடுப்பு மருந்தினால் சிலருக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் அக்கூட்டத்தைச் சரியாக எண்ண இயலாமல் குறைவாகக் காட்டும். நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உண்மை தெரியும். சொட்டு மருந்து ஏறும் கையிலேயே இரத்தம் எடுத்திருந்தால் சர்க்கரை, உப்பு அளவுகள் மாறிவிடும்.

முந்தைய முடிவோடு ஒப்பிடுவதும் சரிபார்ப்பின் ஒரு பகுதியே. நேற்று 11 இருந்த ஹீமோகுளோபின் இன்று 6 என்றால், இரத்தப்போக்கு இருக்க வேண்டும். அல்லது குழாய் மாறியிருக்க வேண்டும். இசக்கியம்மாள், மாரியம்மாள், செல்வராஜ் என ஒரே பெயர் உடைய இருவர் ஒரே வார்டில் இருப்பது நம் பகுதியில் புதிதன்று. ஆகவேதான் பெயரோடு மருத்துவமனைப் பதிவு எண்ணையும் ஒவ்வொரு முறையும் கேட்கிறோம்.

காத்திருக்கக் கூடாத முடிவுகள்

எல்லா முடிவும் வரிசையில் நின்றால் உயிர் போகும் சூழ்நிலைகள் உண்டு. பொட்டாசியத்தின் இயல்பான அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 மில்லிமோல் வரை. சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்கு அது 6.5ஐத் தாண்டினால் இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். சில வேளைகளில் முன்னறிகுறி எதுவும் இராது. நோயாளி கட்டிலில் அமர்ந்து பேசிக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் இசிஜி எடுத்துப் பார்ப்பது, கால்சியம் ஊசி, குளுக்கோசுடன் இன்சுலின், தேவையெனில் டயாலிசிஸ் ஆகியவை அவரைக் காப்பாற்றும். முடிவு கணினியில் காத்துக்கிடந்தால் இவை எதுவும் நிகழாது.

இதனை முறைப்படி எழுதியவர் அமெரிக்க நோயியல் மருத்துவர் ஜார்ஜ் லுண்ட்பர்க். உடனே தெரிவிக்காவிடில் உயிருக்கு ஆபத்து நேரும் அளவுகளை ஆய்வகமே அழைத்துச் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாட்டை அவர் 1972இல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் மருத்துவமனைகள் அதனைக் கடைப்பிடிக்கின்றன. நம் நாட்டில் என்ஏபிஎல் அங்கீகாரம் ஐஎஸ்ஓ 15189 தரநிலையின்படி வழங்கப்படுகிறது. அத்தரநிலையும் இதனை வலியுறுத்துகிறது.

எச்சரிக்கை எவ்வாறு செல்கிறது?

அபாய அளவு வந்தவுடன் கணினித் திரையில் அது தனியே அடையாளம் காட்டப்படும். நுட்புநர் மாதிரியின் நிலையைப் பார்த்து, ஐயம் இருப்பின் மீண்டும் சோதிப்பார். பணியிலுள்ள ஆய்வக மருத்துவருக்குத் தெரிவிப்பார். அச்சிட்ட அறிக்கைக்குக் காத்திராமல் வார்டுக்குத் தொலைபேசி செல்லும். எடுக்கும் செவிலியர் பெயர், பதிவு எண், அளவு ஆகியவற்றை எழுதி, திரும்ப வாசித்துக் காட்டுவார். அழைத்தவர், கேட்டவர், நேரம் மூன்றும் பதிவாகும். சிகிச்சை தரும் மருத்துவர் கிடைக்காவிடில் அடுத்த நிலை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். யாரோ பார்த்திருப்பார் என்று விட்டுவிட இம்முறையில் இடமில்லை.

அப்படியானால் இயல்புக்கு மாறான எல்லா முடிவுக்கும் அழைக்கலாமே என்று தோன்றும். அது ஆபத்து. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குக் கிரியாட்டினின் எப்போதும் உயர்ந்தே இருக்கும். அதற்கும் ஒவ்வொரு முறையும் மணி ஒலித்தால், நாளடைவில் மணியோசை எவர் காதிலும் விழாது. உண்மையான அபாயமும் அதில் மறைந்துபோகும். எனவே எந்த அளவுக்கு அழைப்பது என்பதை மருத்துவர்கள் கூடி முன்னதாகவே வரையறுக்கிறோம்.

வீடு திரும்பிய பின் வரும் முடிவுகள்

எங்களுக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். இரத்தத்தில் கிருமி வளர்கிறதா எனப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குப் பெரும்பாலும் 2 முதல் 5 நாட்கள் ஆகும். திசுச் சோதனைக்கும் சில நாட்கள் வேண்டும். அதற்குள் நோயாளி அம்பாசமுத்திரத்துக்கோ நாங்குநேரிக்கோ ஸ்ரீவைகுண்டத்துக்கோ திரும்பியிருப்பார். பாளையங்கோட்டையிலிருந்து நாங்கள் அழைக்கும்போது, பதிவில் உள்ள எண் சென்னையிலோ வளைகுடா நாட்டிலோ பணிபுரியும் மகனுடையதாக இருக்கும். அவர் வேலை நேரத்தில் எடுக்க இயலாது. சில எண்கள் பயன்பாட்டிலேயே இருப்பதில்லை. முடிவு தயார், மருத்துவரும் பார்த்துவிட்டார், சேர வேண்டியவரிடம் மட்டும் சேரவில்லை.

நீங்கள் செய்யக்கூடியவை

• பதிவு செய்யும்போது, நோயாளியுடன் ஒரே வீட்டில் இருப்பவரின் எண்ணையும் அருகில் வசிக்கும் இன்னொருவரின் எண்ணையும் கொடுங்கள். எண் மாறினால் தெரிவியுங்கள்.

• இரத்தம் எடுக்கும்போது குழாயில் ஒட்டிய பெயரும் பதிவு எண்ணும் உங்களுடையவைதாமா எனப் பாருங்கள். சொட்டு மருந்து ஏறும் கை எது என்பதைச் சொல்லுங்கள்.

• வீடு திரும்பும் நாளில், “இன்னும் வர வேண்டிய முடிவு ஏதேனும் உண்டா? எந்த நாளில், யாரிடம் கேட்பது?” என்று கேட்டு, டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

• குறித்த நாளில் எங்களிடமிருந்து அழைப்பு வரவில்லை என்றால், “ஒன்றுமில்லை போலும்” என்று இருந்துவிடாதீர்கள். நீங்களே அழையுங்கள்.

• புறநோயாளியாகச் சோதனை செய்து சென்றபின் மருத்துவமனையிலிருந்து உடனே வருமாறு அழைத்தால், உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் தாமதியாமல் வாருங்கள். சிறுநீரக நோயாளிகள் அதுவரை வாழைப்பழம், இளநீர் போன்ற பொட்டாசியம் மிகுந்தவற்றைத் தவிர்க்க வேண்டும்.

வார்டில் நோயாளிக்கு மூச்சுத்திணறல், மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, கடுஞ்சோர்வு ஏதேனும் தோன்றினால், பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திராமல் செவிலியரை அழையுங்கள். எந்த முடிவு நிலுவையில் இருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் ஆய்வகத்தை விரைவுபடுத்த எங்களுக்கு உதவும்.