கமரா வில்லையின் கோளாறுகளும் திருத்திப் பெறும் உரிமையும்

புலம்பெயர்ந்து ஜேர்மனியில் வாழும் எம்மவருட் பலரிடம் பழைய ஒளிப்படத் தொகுப்புகள் இல்லை. இடப்பெயர்வுகளின்போது வீடுகளோடு அவையும் அழிந்தன. அதனாற்றான் இங்கு பிறந்த பிள்ளைகளின் ஏடு தொடக்கல் முதற்கொண்டு கலைவிழா மேடை வரை அனைத்தையும் படமாக்கிப் பேணுவதில் எமது பெற்றோர்கள் பெருங் கருத்துடையவர்களாக இருக்கின்றனர். இப்பணியில் நெடுங்காலம் அவர்களுக்குத் துணைநின்றது சட்டைப் பையுள் அடங்கும் சிறிய கமராவாகும்.

ஜப்பானிய கமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கின்படி 2010 ஆம் ஆண்டில் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிற்றல் கமராக்கள் சந்தைக்கு அனுப்பப்பட்டன. 2023 ஆம் ஆண்டில் அத்தொகை 80 இலட்சத்துக்கும் குறைந்துவிட்டது. கைத்தொலைபேசி அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டமையே இதற்குக் காரணமாகும். எனினும் சிறிய கமரா மறைந்துவிடவில்லை. தூரத்துக் காட்சியை அண்மைப்படுத்தும் ஆற்றலுக்காகப் புதிதாக வாங்குவோரும், பழைய கமராக்களைத் தேடி வாங்கும் இளையோரும் எம்மிடையே உள்ளனர். இக்கருவியில் அடிக்கடி பழுதுறும் உறுப்பு எது, பழுதுற்றால் எங்கே செல்வது, எவ்வாறு கேட்பது என்பனவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

வில்லைக்குழல் இயங்கும் விதம்

சிறிய கமராவின் முன்பக்கத்தில் நாம் காண்பது ஒற்றை வில்லை அன்று. கண்ணாடியாலும் பிளாஸ்திக்காலும் ஆன பல வில்லைகள் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒன்றினுள் ஒன்று அடங்கும் குழல்களில் பொருத்தப்பட்டுள்ளன. கமராவை இயக்கியதும் சிறிய மோட்டார் ஒன்று பற்சில்லுகளைச் சுழற்ற, குழல்கள் தம்முள் வெட்டப்பட்ட சாய்ந்த தவாளிப்புகளின் வழியே வெளியே நகர்கின்றன. அவை உரிய இடத்தை அடைந்தனவா என்பதை உணரிகள் அறிந்து தெரிவிக்கின்றன. நாடா போன்ற மெல்லிய மின்சுற்றொன்று, வில்லை நகருந்தோறும் மடிந்தும் விரிந்தும் மின்சைகைகளைக் கடத்துகின்றது.

உரிய நேரத்துள் உணரியிலிருந்து சைகை வராதுவிடின் கமரா தன் இயக்கத்தை நிறுத்திவிடும். திரையில் வில்லைக் கோளாறு என்ற அறிவிப்புத் தோன்றும். கனொன் நிறுவனத்தின் பழைய கமராக்கள் சிலவற்றில் இது ‘ஈ 18’ என்னும் குறியீடாக வந்தது. இங்கு முக்கியமாக விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அவ்வறிவிப்புக் கூறுவதெல்லாம் குழல் சேரவேண்டிய இடத்தைச் சேரவில்லை என்பதை மட்டுமே. அதற்கு மணற்றுகள் காரணமா, பல் உடைந்த சில்லு காரணமா, அறுந்த நாடாச்சுற்றுக் காரணமா, வலுவிழந்த மின்கலம் காரணமா என்பதை அது கூறுவதில்லை. எனவே அறிவிப்பைக் கண்ட மாத்திரத்தே எம்மீது தவறு என்றோ, உற்பத்தியாளர்மீது தவறு என்றோ முடிவுகட்டுதல் பொருந்தாது.

கோளாறுகளை இனங்காணல்

குழல் பாதியில் நின்றுவிட்டால் முதலில் மின்கலத்தைக் கழற்றி, முற்றாக மின்னேற்றி, மீண்டும் இட்டுப் பார்த்தல் வேண்டும். மின்னழுத்தம் குறைந்தவிடத்து மோட்டாருக்குப் போதிய வலு கிடைப்பதில்லை. இவ்வளவிலேயே சரியாகிவிடும் கமராக்களும் உண்டு.

குழல் நன்றாக இயங்கியும் படம் தெளிவில்லையெனில் எளிய சோதனையொன்று செய்யலாம். செய்தித்தாளின் முழுப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, கமராவை அதற்கு நேரெதிரே மேசைமீது அசையாது வைத்துப் படமெடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கி ஒப்பிட வேண்டும். நான்கு மூலைகளும் ஒரே அளவில் சற்று மங்கியிருப்பின் அது அவ்வில்லையின் இயல்பு. ஒரு பக்கம் அல்லது ஒரு மூலை மட்டும் மங்கியிருப்பின், வில்லைகள் யாவும் ஒரே அச்சில் அமையவில்லை என்று கொள்ளலாம். இது தயாரிப்பிலும் நிகழக்கூடும். கமரா விழுவதாலும் நிகழக்கூடும். ஆகவே வாங்கிய முதல் வாரத்திலேயே இச்சோதனையைச் செய்து அப்படத்தைச் சேமித்து வைத்தல் நன்று. பின்னாளில் அது நல்லதொரு சான்றாகும்.

எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் சாம்பல்நிறப் புள்ளி தோன்றின் உள்ளே தூசி புகுந்துள்ளது. குழல் வெளியே வந்து உள்ளே செல்லும்போது துருத்தியைப் போல் காற்றை இழுக்கின்றது. காற்றோடு தூசியும் செல்கின்றது. வெள்ளைத் தாளையோ தெளிந்த வானத்தையோ படமெடுத்தால் அப்புள்ளி நன்கு தெரியும். முன் கண்ணாடியில் ஒட்டிய சிறு தூசி பெரும்பாலும் இவ்வாறு தோன்றாது. அக்கண்ணாடியில் விரலடையாளம் பதிந்திருந்தால் விளக்குகளைச் சுற்றிப் புகைபோன்ற ஒளி படரும்.

இரவில் எடுத்த படங்களில் வட்டவட்டமான ஒளிப்பொட்டுகள் மிதப்பதைக் கண்டு அஞ்சியோரும் உண்டு. சிறிய கமராவில் மின்னொளி விளக்கு வில்லைக்கு மிக அருகில் இருப்பதால், காற்றில் மிதக்கும் தூசியும் மழைத்துளியும் ஒளியைத் திருப்பியனுப்புகின்றன. அது பழுதும் அன்று, ஆவியும் அன்று.

இன்னொரு கோளாறு பூஞ்சணம். ஈரப்பதன் மிகுந்த இடத்தில் நெடுநாள் மூடிவைத்த வில்லையில் சிலந்தி வலைபோலப் பூஞ்சணம் படர்ந்து, கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கும். ஊருக்கு அனுப்பும் கமராக்களோடு ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதியொன்றையும் வைத்து அனுப்புதல் நலம். இங்கோ பனிக்காலத்தில் வெளியிலிருந்து வெப்பமான வீட்டினுள் நுழைந்ததும் வில்லையில் நீராவி படியும். நுழையுமுன் கமராவைப் பிளாஸ்திக் பையிலிட்டு இறுகக் கட்டி, அறையின் வெப்பநிலையை அது அடைந்த பின்னரே வெளியே எடுத்தல் வேண்டும்.

செய்யத் தகாதன

நின்றுபோன குழலைக் கையால் இழுத்தலும், மேசையில் தட்டுதலும், திருகாணிகளைக் கழற்றுதலும் கூடாது. இவற்றாற் சில வேளைகளிற் குழல் அசைந்து கொடுப்பதுண்டு. ஆயின் பற்சில்லு உடையவும், நாடாச்சுற்று அறுபடவும் கூடும். அதனினும் பெரிய இழப்பு யாதெனில், திருத்துநர் அவ்வடையாளங்களைக் கண்டதும் பயன்படுத்தியவரால் விளைந்த சேதம் என எழுதிவிடுவார். இத்தகைய கமராக்களில் வில்லைத் தொகுதியை முழுமையாகவே மாற்றுவது வழக்கம். கூலியையும் சேர்த்தால் அச்செலவு புதிய கமராவின் விலையை நெருங்கிவிடும்.

இரு சொற்கள், இரு உரிமைகள்

எம்மவர் அனைத்தையும் ‘கரன்ரி’ என்ற ஒரு சொல்லாற் குறிப்பிடுகின்றனர். ஜேர்மன் சட்டத்திலோ இரு வேறு சொற்கள் உள்ளன. ‘கெவேர்லைஸ்டுங்’ என்பது, பழுதற்ற பொருளை ஒப்படைக்கவேண்டிய விற்பனையாளர்மீது சட்டம் சுமத்தும் பொறுப்பு. ‘கரன்ரி’ என்பது, உற்பத்தியாளரோ விற்பனையாளரோ தாமாக விரும்பி அளிக்கும் வாக்குறுதி. அதன் காலத்தையும் நிபந்தனைகளையும் அளிப்பவரே வகுக்கின்றார். முன்னையது எந்தத் தாளில் எழுதப்படாவிடினும் உண்டு.

2001 ஆம் ஆண்டு முடியும்வரை சட்டப் பொறுப்பின் காலம் ஆறு மாதங்களாகவே இருந்தது. 2002 சனவரி 1 முதல் புதிய பொருட்களுக்கு அது இரண்டு ஆண்டுகளாயிற்று. பழுது தொடக்கத்திலேயே இருந்ததா என்ற வினா எழும்போது, முதல் ஆறு மாதங்களுக்கு அது இருந்ததாகவே சட்டம் கொண்டது. 2022 சனவரி 1 முதல் அவ்வாறு கொள்ளப்படும் காலம் ஓராண்டாக நீடிக்கப்பட்டது. அதாவது முதலாண்டில் பழுது தோன்றினால், விற்கும்போது அது இருக்கவில்லை என்று காட்டவேண்டியவர் விற்பனையாளரே. இரண்டாம் ஆண்டில் அச்சுமை வாங்கியவரைச் சாரும்.

பழுதுற்ற பொருளைத் திருத்தித் தருமாறோ வேறு தருமாறோ கேட்கும் தெரிவு, செலவு அளவுக்கு மிஞ்சாதவிடத்து, வாங்கியவருக்கே உரியது. அனுப்பும் செலவும் கூலியும் விற்பனையாளரைச் சேர்ந்தவை. இரு முறை திருத்தியும் பயனில்லையெனில் விலைக்குறைப்பையோ, பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தையோ கேட்கலாம். பாவித்த கமராவைக் கடையில் வாங்கினால், உடன்படிக்கையின் மூலம் இக்காலத்தை ஓராண்டாகக் குறைக்க விற்பனையாளருக்கு இடமுண்டு. தனியாரிடம் வாங்கினால் அவர் இப்பொறுப்பை முற்றாகவே விலக்கிவிடலாம். அத்தகைய கமராவை வாங்குமுன் குழலைப் பத்து முறையாவது வெளியே எடுத்தும் உள்ளே விட்டும் பார்த்தல் வேண்டும்.

பழுதில்லாத பொருள் மனத்துக்குப் பிடிக்கவில்லை என்று கடையில் மாற்றிக் கேட்கச் சட்டம் உரிமை தருவதில்லை. சில கடைகள் நல்லெண்ணத்தால் மாற்றித் தருகின்றன. இணையவழியாக வாங்கியவருக்கு மட்டும் காரணம் கூறாமலே திருப்பியனுப்பப் பதினான்கு நாட்கள் உண்டு.

கடையிற் பேசும் முறை

எமது பாடசாலைப் பெற்றோர் ஒருவருக்கு நேர்ந்ததை இங்கு குறிப்பிடுதல் பயன்தரும். மகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்கென அவர் வாங்கிய கமரா ஒன்பதாம் மாதத்தில் வில்லை பாதியில் நின்று பழுதாயிற்று. கடை ஊழியர் “கீழே விழுந்ததா?” எனக் கேட்டார். அத்தந்தை, எம்மவருக்கே உரிய பணிவோடு, “நான் காணவில்லை, விழுந்திருக்கவும் கூடும்” என்றார். மொழிபெயர்க்க வந்த பத்து வயது இளைய மகன் அதனைச் சுருக்கி “ஆம்” என்றான். ஊழியர் ‘விழுந்ததால் ஏற்பட்ட சேதம்’ என்று படிவத்தில் எழுதினார், தந்தை ஒப்பமிட்டார். இரண்டு வாரங்களின் பின் கமரா திருத்தப்படாமலே வந்தது. உடன்வந்த செலவு மதிப்பீடு வாங்கிய விலையின் பாதியைத் தாண்டியிருந்தது.

அக்குழந்தை பொய் சொல்லவில்லை. தந்தையும் சொல்லவில்லை. தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்வதோடு நில்லாமல், எதிரிலிருப்பவரின் மனம் நோகாதவாறு ஒரு சொல்லைக் கூட்டிச் சொன்னமையே இங்கு வினையாயிற்று. பின்னர் நுகர்வோர் ஆலோசனை நிலையத்தின் உதவியோடு, உடலில் ஒரு கீறலேனும் இல்லாமையையும் ஓராண்டு நிறைவுறாமையையும் எடுத்துக்காட்டிக் கடிதம் எழுதினார். ஆறு வாரங்கள் கழித்து, புதிய வில்லைத் தொகுதியோடு, செலவின்றிக் கமரா கிடைத்தது.

இதனின்று நாம் கொள்ளத்தக்கவை சில உள:

1. பற்றுச்சீட்டை வாங்கிய அன்றே நகலெடுத்து வைத்தல் வேண்டும். வெப்பத்தாளில் அச்சிட்ட எழுத்து மங்கிவிடும். சீட்டுத் தொலைந்தால் வங்கிக்கணக்கு அறிக்கையும் வாங்கியமைக்குச் சான்றாகும். அட்டைப்பெட்டி இல்லை என்று கடைக்காரர் சட்டப் பொறுப்பை மறுக்க முடியாது.

2. ‘உற்பத்தியாளருக்கு அனுப்புங்கள்’ என்று கடைக்காரர் கூறினால், நாம் கெவேர்லைஸ்டுங் உரிமையின்படி கேட்கின்றோம் என்று தெளிவாகச் சொல்லுதல் வேண்டும்.

3. கண்டதை மட்டும் கூறுதல் வேண்டும். ‘இயக்கியபோது குழல் பாதியில் நின்றது, இவ்வறிவிப்புத் தோன்றியது’ என்பது போதும். காரணத்தை ஊகித்துக் கூறுதல் எமது வேலையன்று. ஆயின் உண்மையில் விழுந்திருந்தால், நீரிலோ மணலிலோ நனைந்து புதைந்திருந்தால், அதனை மறைத்தலும் தகாது.

4. படிவத்தில் எழுதப்பட்டதை வாசித்து விளங்கிய பின்னரே ஒப்பமிடுதல் வேண்டும். செலவு மதிப்பீட்டுக்குப் பணம் உண்டா என்பதையும் முன்னரே கேட்டறிக.

5. கையளிக்குமுன் நினைவக அட்டையைக் கழற்றி, தொடரிலக்கத்தைக் குறித்து, கமராவின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வைத்தல் வேண்டும்.

6. மறுத்தாலோ தாமதித்தாலோ, இரு வாரத் தவணை குறித்துப் பதிவுத்தபாலிற் கடிதம் அனுப்புதல் வேண்டும். ‘ஃபெர்பிறவ்கர் சென்ராலெ’ எனப்படும் நுகர்வோர் ஆலோசனை நிலையங்கள் 16 மாநிலங்களிலும் உள்ளன. ஆலோசனைக்குக் கட்டணம் உண்டாயின் அதனை முதலிற் கேட்டுக்கொள்க.

காலம் கடந்த பின்னும்

சில பழுதுகள் ஒருவரின் கமராவில் மட்டும் தோன்றுவன அல்ல. 2005 ஆம் ஆண்டில் சொனி நிறுவனம் தயாரித்த ஒளியுணரிகளில், வெப்பமும் ஈரமும் மிகுந்த சூழலில் உள்ளிணைப்புக் கம்பி விடுபடுவது வெளிப்பட்டது. அவ்வுணரிகளைத் தம் கமராக்களிற் பொருத்தியிருந்த கனொன், நிக்கோன், ஃபுஜி முதலிய நிறுவனங்களும் உத்தரவாதக் காலம் முடிந்த கமராக்களைக்கூட இலவசமாகத் திருத்திக் கொடுத்தன. ஆகவே காலம் கடந்தது என்று எறியுமுன், அதே வகைக் கமராவுக்கு உற்பத்தியாளர் ஏதும் அறிவித்துள்ளாரா என்று தேடிப் பார்த்தல் நன்று.

ஊரில் ஒரு பொருள் பழுதானால் சந்தியிலுள்ள திருத்துநரிடம் கொடுத்துக் கூலி கொடுத்தோம். சட்டத்தை நாடவேண்டிய தேவை எழவில்லை. இங்கு கடைக்காரரிடம் உரிமையைக் கேட்பது சண்டைக்குப் போவதாகவோ இரந்து நிற்பதாகவோ எம்மிற் பலருக்குத் தோன்றுகின்றது. இரண்டும் அன்று. கொடுத்த விலையுள் அப்பொறுப்பும் அடங்கியுள்ளது. பிள்ளைகளை மொழிபெயர்க்க அழைத்துச் செல்வது தவிர்க்க இயலாதெனில், முதல்நாள் இரவே வீட்டில் அமர்ந்து, எதைச் சொல்லவேண்டும், எதைச் சொல்லக்கூடாது என்பதை இரு மொழிகளிலும் எழுதிப் பழக்கிச் செல்லுங்கள். ‘தெரியாது’ என்பதைத் ‘தெரியாது’ என்றே மொழிபெயர்க்குமாறு அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.