எந்தப் பின்னம் முடியும்?

காய்கறிக் கடையில் "கால் கிலோ தக்காளி கொடுங்க அண்ணே" என்று கேட்கிறீர்கள். எலக்ட்ரானிக் தராசில் 0.250 என்று எண் வருகிறது. நீங்கள் கேட்டது பின்னத்தில். தராசு காட்டுவது தசமத்தில். பாடப்புத்தகத்தில் பின்னமும் தசமமும் தனித்தனிப் பாடங்களாக இருப்பதால் அவை வேறு வேறு சங்கதி என்று பல பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். அப்படியில்லை. ஒரே எண்ணை எழுத இரண்டு வழிகள், அவ்வளவுதான்.

1/4 எப்படி 0.25 ஆகிறது? 1ஐ 4ஆல் வகுத்துப் பாருங்கள். 1இல் 4 போகாது. அந்த ஒன்றைப் பத்துச் சம பங்காக்கினால் 10 பங்கு. 10இல் 4 இரண்டு முறை போகும், மீதி 2. அந்த 2 பங்கையும் மறுபடி பத்துப் பத்தாகப் பிரித்தால் 20 சின்னப் பங்கு. 20இல் 4 ஐந்து முறை போகும், மீதி இல்லை. விடை 0.25. தராசு கிராம் வரை கணக்குப் பார்ப்பதால் கடைசியில் ஒரு பூஜ்யத்தையும் சேர்த்துக் காட்டுகிறது.

இங்கே ஒரு கேள்வி. 0.3 பெரியதா, 0.25 பெரியதா? 3ஐவிட 25 பெரியது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். புள்ளியை அடுத்த முதல் இடம் பத்தில் ஒன்றுகளுக்கு உரியது. 0.3 கிலோ என்றால் 300 கிராம், 0.25 கிலோ என்றால் 250 கிராம். இதனால்தான் 'புள்ளி இருபத்தைந்து' என்று படிக்காமல் 'புள்ளி இரண்டு ஐந்து' என்று படித்துப் பழக வேண்டும்.

இப்போது 1ஐ 3ஆல் வகுங்கள். 10இல் 3 மூன்று முறை, மீதி 1. மறுபடி 10, மறுபடி மீதி 1. நோட்டுத் தீர்ந்தாலும் கணக்குத் தீராது. 0.3333... என்று போய்க்கொண்டே இருக்கும். கால் இரண்டே படியில் முடிந்துவிட்டது. மூன்றில் ஒன்று ஏன் முடிய மறுக்கிறது?

காரணம் 10க்குள் இருக்கிறது. தசமம் என்பது பகுதியில் 10, 100, 1000 போன்ற எண்கள் வரும் பின்னம். 1/4ஐ 25/100 என்று மாற்றலாம். 1/8ஐ 125/1000 என்று மாற்றலாம். ஆனால் 3ஐ எந்த முழு எண்ணால் பெருக்கினாலும் 10, 100, 1000 எதுவும் வராது. 10 என்பது 2×5. 100 என்பது 2×2×5×5. எவ்வளவு தூரம் போனாலும் உள்ளே 2உம் 5உம்தான். 3க்கும் 7க்கும் அங்கே இடமில்லை. ஆகவே பின்னத்தை முதலில் சுருக்குங்கள். பிறகு பகுதியில் 2, 5 தவிர வேறு பகா எண் இல்லையென்றால் தசமம் முடியும், இருந்தால் முடியாது. சுருக்க மறக்காதீர்கள்: 3/12ஐப் பார்த்தால் முடியாது போலத் தோன்றும், ஆனால் அது வெறும் 1/4.

இதைத் தெரிந்துகொண்டு நம் பழைய தமிழ்க் கணக்கைப் பார்த்தால் எனக்கு வியப்புத் தாங்கவில்லை. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்த காலத்தில், கால், அரைக்கால் (1/8) ஆகியவற்றோடு மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) எல்லாம் புழக்கத்தில் இருந்தன. ஒரு மாவையும் ஒரு காணியையும் கூட்டினால் மாகாணி. சரிதானா? 1/20 என்பது 4/80. அதோடு 1/80ஐக் கூட்டினால் 5/80, அதாவது 1/16. தசமத்தில் 0.05 + 0.0125 = 0.0625. இரண்டு வழியிலும் ஒரே விடை! 320ஐப் பிரித்தால் ஆறு 2களும் ஒரு 5உம்தான். அதனால் முந்திரியும் அழகாக முடிகிறது: 0.003125.

மாகாணி அளவுதான் பழைய அணாவும். முன்பு ஒரு ரூபாய்க்கு 16 அணா. 1957 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா என்று தசம நாணயம் வந்தது. நாலணா சரியாக 25 பைசா, எட்டணா 50 பைசா. ஆனால் ஓர் அணா? 6.25 பைசா! கால் பைசாவுக்கு எங்கே போவது? 16க்கு நான்கு 2கள் வேண்டும்; 100இல் இரண்டுதான் உண்டு. அதனால் அணாவைப் பைசாவாக மாற்றும்போது கிட்டத்தட்ட முழு எண்ணாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 25 பைசாவை 'நாலணா' என்று சொல்லும் வழக்கம் மட்டும் அதன்பின் வெகுகாலம் நீடித்தது. உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியைக் கேட்டால் சொல்வார்கள்.

உங்களுக்கு ஒரு வேலை. 1/2, 1/3, 1/4 என்று தொடங்கி 1/20 வரை 19 பின்னங்களை எழுதுங்கள். அவற்றில் ஏழு மட்டுமே முடியும். எந்த ஏழு என்று வகுக்காமலே கண்டுபிடித்து, பிறகு வகுத்துச் சரிபாருங்கள். 1/7ஐ மட்டும் அவசரமில்லாமல் பத்துப் பன்னிரண்டு இலக்கம் வரை வகுத்துப் பாருங்கள். என்ன நடக்கிறது என்று நான் சொல்லமாட்டேன்.