புறக்கடையில் சாயாக்கீரை

ஆமத்தூரிலிருந்து விருதுநகர் செல்லும் வழியிலாயினும் சிவகாசி செல்லும் வழியிலாயினும், தரிசுகளிலும் கண்மாய்க் கரைகளிலும் சீமைக்கருவேல் மண்டிக் கிடப்பதைக் காணலாம். அமெரிக்கக் கண்டத்தின் உஷ்ணப் பிரதேசங்களுக்குரிய அம்மரம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், விறகுக்கும் தரிசை மூடுவதற்கும் உதவுமென்று கருதி இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. அது விறகும் கரியும் கொடுத்தது மெய்யே. ஆயினும் அதன் இனிப்பான காய்களை ஆடுமாடுகள் தின்று, விதையைச் சாணத்தோடும் புழுக்கையோடும் எங்கும் பரப்பிவிட்டன. 2017ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தென் மாவட்டங்களில் அவற்றை அகற்றும்படி உத்தரவிடும் அளவுக்குக் காரியம் முற்றிற்று. ஆகவே, அதே திசையிலிருந்து வந்த இன்னொரு செடியைப் புறக்கடையில் நடலாமென்று கேட்கும்போது குடியானவர்கள் தயங்குவது நியாயமே. அத்தயக்கம் வேண்டியதுங்கூட.

அந்நியச் செடி என்ற ஒரே காரணத்தால் எதையும் தள்ளிவிட முடியாது. இவ்வட்டாரத்தார் விளைவிக்கும் மிளகாயும் நிலக்கடலையும், வீடுதோறும் நிற்கும் பப்பாளியும் கொய்யாவும் கடல் கடந்து வந்தவைகளே. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: அச்செடி எவ்வழியாய்ப் பெருகுகிறது? உண்டவர் உடம்பில் அது என்ன செய்யும்? இவ்விரண்டிற்கும் விடை தெரிந்த பிறகே குழி தோண்ட வேண்டும்.

சாயாக்கீரை என்றும் மரக்கீரை என்றும் வழங்கும் செடியைப் பற்றி இவ்விரண்டையும் விசாரிப்போம். பெயரைக் கேட்டுத் தேநீருக்கும் இதற்கும் சம்பந்தமுண்டென்று நினைக்க வேண்டாம். மெக்ஸிகோ தேசத்து யுகத்தான் தீபகற்பத்திலும் குவாத்தமாலாவிலும் வாழும் மாயா இனத்தார் நெடுங்காலமாக வீட்டருகில் வளர்த்து உண்டு வரும் கீரை இது. ஆமணக்கு, மரவள்ளி, காட்டாமணக்கு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலை பப்பாளி இலையைப்போல் விரல்விரலாய்ப் பிளந்திருக்கும். கிள்ளினால் பால் வடியும். பூக்கள் சிறியவை, வெண்ணிறமானவை. வெட்டாமல் விட்டால் ஆள் உயரத்துக்கு மேல் மரம்போல் வளர்ந்துவிடும். யுகத்தான் சுண்ணாம்புப் பாறை நிறைந்த பூமி. அங்கே மழைக்காலம் தனி, வறட்சிக்காலம் தனி. சுண்ணாம்புக் கல்லும் வறட்சியும் விருதுநகர் மாவட்டத்தாருக்குப் புதியவை அல்லவே.

முதற் கேள்விக்கு விடை எளிது. வீடுகளில் வளர்க்கும் சாயாக்கீரை பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. மனிதன் தண்டை ஒடித்து நட்டாலன்றி அது வேலி தாண்டிப் போகாது. வேண்டாமென்றால் வேரோடு பிடுங்கி உலர்த்தினால் முடிந்தது. சீமைக்கருவேலுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுவே.

இரண்டாவது கேள்விதான் கருத்தாய்க் கவனிக்கத்தக்கது. இதன் பச்சை இலையில் விஷம் உண்டு. சோளப்பயிர் இளமையில் வாடி நிற்கும்போது அதை மேய்ந்த மாடு வயிறு உப்பி, மூச்சுத் திணறி விழுவதை மானாவாரிக் குடியானவர்கள் அறிவார்கள். மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாய்த் தின்னலாகாதென்பதும் அறிந்ததே. அவ்விரண்டிலும் உள்ள சயனைடு வகை விஷமே இவ்விலையிலும் மறைந்திருக்கிறது. இலையை நறுக்கினாலும் அரைத்தாலும் அது வெளிப்படும். கொதிக்க வைத்தால் ஆவியாய்ப் போய்விடும். ஆகையால் இலைகளை அலம்பி நறுக்கி, நிறைய ஜலத்தில் போட்டு, பாத்திரத்தை மூடாமல் 20 நிமிஷம் நன்றாய்க் கொதிக்கவிட வேண்டும். அடுப்புக்கருகில் சன்னல் திறந்திருப்பது நலம். பிறகு பருப்போடு கூட்டாகவோ, தேங்காய்த்துருவலோடு பொரியலாகவோ செய்துகொள்ளலாம். முருங்கைக்கீரையைப்போல் ஒரு வதக்கு வதக்கி இறக்குவது இதற்குப் போதாது.

பச்சைக் கீரைச் சாறு குடிக்கும் வழக்கம் இப்பொழுது பல இடங்களில் பரவியிருக்கிறது. இந்தக் கீரையை ஒருபோதும் அவ்வாறு அரைத்துக் குடிக்கலாகாது. நீரிழிவைத் தீர்க்கும் என்று சொல்வோரும் உளர். அப்பேச்சை நம்பி வைத்தியர் கொடுத்த மருந்தை நிறுத்துவது பேதைமை. இது மருந்தன்று, நல்ல கீரை. 100 கிராம் பச்சை இலையில் 5 முதல் 6 கிராம் வரை புரதம் இருக்கிறது. பல கீரைகளில் இவ்வளவு இல்லை. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்தது. விடியற்காலையில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்சாலைகளுக்குப் புறப்படும் பெண்கள் மிகுந்த இப்பகுதியில், சந்தைக்குப் போகாமல் வாசலிலேயே பறிக்கத்தக்க கீரை ஒன்று இருப்பது சிறிய உபகாரமன்று.

நடும் முறை வருமாறு. முற்றிய தண்டில் ஒரு முழ நீளத்துக்குச் சற்றுக் குறைவாய் வெட்டி, பால் வடிந்து வெட்டுவாய் காயும்படி நாலைந்து நாள் நிழலில் வைக்க வேண்டும். ஈரத்தோடு நட்டால் அடி அழுகிவிடும். புரட்டாசியில் நட்டுக் கொஞ்சமாய் நீர் விட்டு வந்தால், ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துக்கொள்ளும். செம்மண்ணில் கவலையில்லை. கரிசல் நிலத்தில் நீர் தேங்குமாகையால், மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து ஒரு சாண் உயரம் மேடு கட்டி, அதன்மேல் நடுவதே உத்தமம். தண்டு தலைகீழாய் நடப்படாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இலைத் தழும்புக்கு மேலே மொட்டு இருக்கும் பக்கமே மேற்புறம். முதலில் மெதுவாகத்தான் துளிர்க்கும். வேர் ஊன்றியபின் வறட்சியைத் தாங்கி, வெட்ட வெட்டத் தழைக்கும்.

முதல் சில மாதங்கள் இலை பறியாமல் விட்டு வைப்பது நன்று. அதன் பின்னும் ஒரே தடவையில் பாதிக்கு மேல் பறிக்கலாகாது. மார்பளவு உயரத்தில் கவாத்து செய்து வந்தால் பறிக்கச் சுலபம். சில வகைகளில் இலைக்காம்பிலும் ஓரத்திலும் நுண்ணிய சுணைகள் உண்டு; பட்டால் செந்தட்டிபோல் எரியும். கையுறையோ பழந்துணியோ சுற்றிக்கொண்டு பறிக்க வேண்டும். வெந்தபின் சுணை போய்விடும். கழித்த பச்சை இலைகளை ஆடுமாடுகளுக்குப் போடாமல் எருக்குழியில் சேர்ப்பதே பத்திரம்.

செடியை அறிந்தவரிடமிருந்தே தண்டு வாங்க வேண்டும். காட்டாமணக்கும் இதன் இனமே; பால் வடியும், தண்டு வைத்தாலும் வளரும், ஆனால் தின்றால் கடும் வாந்தியும் பேதியும் உண்டாகும். இலை விரல்விரலாய் ஆழப் பிளவுபட்டிருப்பதையும் வெண்பூக் கொத்தையும் கண்டறிந்தபின் நடுக.

பள்ளிச் சத்துணவு மையங்களிலும் அங்கன்வாடிகளிலும் கீரைத் தோட்டம் போடும் ஊராட்சித் தலைவர்களும் கிராம அலுவலர்களும் இதைச் சேர்க்க விரும்பினால், நடுவதற்கு முன்பே சமையல் செய்வோரை அழைத்து, வேகவைக்கும் முறையை ஒரு தடவை செய்து காட்ட வேண்டும். சமைப்பவர் மாறும்போது புதியவருக்கும் அவ்வாறே காட்ட வேண்டும். செடியைக் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்து தள்ளி வேலியோரத்தில் நட்டு, "20 நிமிஷம் வேகவைக்காமல் உண்ணாதீர்" என்று ஒரு பலகையும் கட்டி வைக்கலாம்.