செம்பருத்தி சொல்லும் தண்ணீர்க் கணக்கு

ஆம்பூர் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: அவர் வீட்டு அடுக்குச் செம்பருத்தி நிறைய மொட்டு விடுகிறதாம், விரிவதற்குள் உதிர்ந்துவிடுகிறதாம். இலையோரமும் கருகுகிறது. என்ன உரம் போடலாம் என்று கேட்கிறார்.

முதலில் பூவைப் பார்த்துவிடுவோம். ஒற்றைச் செம்பருத்தியின் நடுவே நீளும் குழலில் மகரந்தத்தாள்களும் நுனியில் ஐந்து சூல்முடிகளும் இருக்கும். வெண்டை, பூவரசு, புளிச்சக்கீரை எல்லாம் இதே குடும்பம். பூ கடைசிவரை சுருண்டபடியே தொங்கினால் அது செம்பருத்தி அல்ல, மெக்சிகோவிலிருந்து வந்த உறவுச்செடி. விரியவில்லையே என்று அதற்கு மருந்தடிப்பவர்களும் இருக்கிறார்கள்!

அடுக்குப் பூதான் எனக்குச் சலிக்காத வேடிக்கை. அதன் கூடுதல் இதழ்களில் பெரும்பாலானவை பிறப்பால் இதழ்களே அல்ல, மகரந்தத்தாள்கள் உருமாறியவை. ஒரு பூவைப் பிரித்துப் பாருங்கள். மாற்றம் பாதியில் நின்றுபோன தாள்கள் அகப்படும்: அடி குழலோடு ஒட்டியிருக்கும், மேலே சிவப்பு மடல், அதன் விளிம்பில் மஞ்சளாக ஒரு மகரந்தப்பை. இப்படிப்பட்ட பூ பெரும்பாலும் விதை கட்டாது. குச்சி வெட்டித்தான் நட வேண்டும். செடிக்குக் கஷ்டம் வந்தால் ஒற்றை ரகத்தைவிட முந்திக்கொண்டு மொட்டை உதிர்ப்பதும் இதுதான்.

ஆம்பூர்ப் பக்கம் அந்தக் கஷ்டம் பெரும்பாலும் உப்பு. தோல் பதனிடும் ஆலைகளுக்கு வரும் பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பிடுகிறார்கள். ஊறவைத்துக் கழுவும்போது அது தண்ணீரோடு போகிறது. பல்லாண்டுகளாக அந்த நீர் பாலாற்றுப் படுகையில் இறங்கியது. மாங்காயில் உப்பைப் போட்டதும் தண்ணீர் விடுகிறதே, அதே இழுவைதான் வேரைச் சுற்றியுள்ள மண்ணிலும் நடக்கிறது. வேரால் நீரை உறிஞ்ச முடிவதில்லை. உள்ளே போகும் உப்பும் இலை விளிம்பில் சேர்ந்து அதைக் கருக்குகிறது.

இந்த ஆலைக் கழிவுநீர் குறித்து வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. தோலைப் பதனிடச் சேர்க்கும் குரோமியத்தைப் பற்றி அன்றுமுதல் நிறையப் பேசிவிட்டோம். உப்பை மட்டும் சமையலறைச் சரக்குதானே என்று விட்டுவிட்டோம். அந்த அலட்சியம்தான் கிணறுகளைக் கெடுத்தது.

ஆகவே அம்மா, இப்போதைக்கு உரம் வேண்டாம். ரசாயன உரமும் ஒருவகை உப்புதான். மொட்டைமாடி மழைநீரைப் பிடித்து, தொட்டியின் அடித்துளை வழியாக வழிந்தோடும்வரை ஊற்றுங்கள். கிணற்று நீரை ஒரு பாட்டிலில் எடுத்துப்போய் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, உப்பின் அளவைக் கேளுங்கள். உரத்தைப் பற்றி அதன்பிறகு எழுதுங்கள்.